அடுத்த ஓட்டம் எப்போது?

மென்பொருள் வேலையில் நான் அதிகம் புழங்கிய இடம் பயனர் கண்ணில் ஒருநாளும் படாத ஒரு சின்ன ஃபங்ஷன். அதற்கு இரண்டு தகவல்கள் கொடுப்போம். ஒன்று, "திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்பதரைக்கு" என்பது போன்ற ஒரு கால அட்டவணை வரி. மற்றொன்று, ஒரு தேதியும் நேரமும். அந்த நேரத்துக்குப் பிறகு அந்த வேலை முதலில் எப்போது ஓட வேண்டும் என்று அது பதில் சொல்ல வேண்டும். கடன் தவணை பிடிப்பதும், ராத்திரி பேக்கப்பும், முதலாளி காபி குடிக்கும்போது வந்து சேரும் விற்பனை ரிப்போர்ட்டும் இந்தப் பதிலை நம்பித்தான் நடக்கின்றன.

சென்னையில் உட்கார்ந்து உள்ளூர் வாடிக்கையாளருக்கும் அமெரிக்க வாடிக்கையாளருக்கும் சேர்த்து இதை எழுதுகிறவன் நான். புதிதாக வரும் பிள்ளைகள் இதை அரை நாள் வேலை என்று நினைத்துக் கையில் எடுக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யூனிக்ஸ் உலகில் இந்த வேலையைச் செய்வது கிரான் என்ற நிரல். 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் அது நிமிடத்துக்கு ஒருமுறை கண்விழித்து, அட்டவணைக் கோப்பைப் பார்த்து, இப்போது ஓட்ட வேண்டியது இருந்தால் ஓட்டும். இன்று லினக்ஸ் சர்வர்களில் பரவலாக இருக்கும் வகைகளுக்கு மூலம் 1987இல் பால் விக்ஸி எழுதியது. வரியின் வடிவம் அதிகம் மாறவில்லை. இடமிருந்து வலமாக ஐந்து புலங்கள்: நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், வாரத்தின் நாள். "30 9 * * 1-5" என்றால் வார நாட்களில் காலை ஒன்பதரை. நட்சத்திரக் குறிக்கு எதுவானாலும் சரி என்று பொருள். காற்புள்ளி பட்டியலைக் குறிக்கும், சிறுகோடு எல்லையைக் குறிக்கும், சாய்கோடு இடைவெளியைக் குறிக்கும்.

இந்த வரியைப் படித்துப் பிரிக்கும் பார்சரை எழுதும்போது ஒவ்வொரு புலத்தையும் ஒரு 64 பிட் எண்ணாக வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். நிமிடம் 0 முதல் 59 வரைதான், அறுபத்துநான்கு பிட்டில் வசதியாக அடங்கிவிடும். அனுமதிக்கப்பட்ட நிமிடத்துக்கு உரிய பிட்டை ஒன்று ஆக்கிவிட்டால், பிறகு "இந்த நிமிடம் சேருமா?" என்ற கேள்வி ஒரே செயலில் முடிந்துவிடும். வாரத்தின் நாளில் 0, 7 இரண்டையும் ஞாயிறு என்று பல கிரான்கள் ஏற்கும். அதனால் ஏழைப் பூஜ்யமாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஜாவா உலகத்தின் குவார்ட்ஸ் என்ற ஷெட்யூலரில் முதல் புலம் வினாடி, ஞாயிறு 1, சனி 7. கிரானில் 5 என்றால் வெள்ளி. குவார்ட்ஸில் அதே 5 வியாழன். ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்கு வரிகளை மாற்றும்போது இந்தப் புலத்தை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யச் சொல்வேன். இல்லையென்றால் எந்தப் பிழைச்செய்தியும் வராமல் வெள்ளிக்கிழமை வேலை வியாழக்கிழமைக்குப் போய்விடும்.

சாய்கோட்டைப் பற்றித்தான் தவறான நம்பிக்கை அதிகம். நிமிடப் புலத்தில் "*/7" எழுதியவர் ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் என்று நம்புகிறார். அது ஓடுவது 0, 7, 14 என்று போய் 49, 56 ஆகிய நிமிடங்களில். அடுத்தது அடுத்த மணியின் 0. அதாவது நான்கே நிமிட இடைவெளி. நாள் புலத்தில் "*/2" போட்டால் 1, 3, 5 என்று 31 வரை போகும். மறுநாள் 1ஆம் தேதி, திரும்பவும் ஓடும். ஒன்று விட்டு ஒரு நாள் என்று நினைத்தவருக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் வேலை நடக்கும். கிரான் வரி கடிகார முகத்தையும் காலண்டர் கட்டத்தையும் பார்த்து எழுதப்படுவது. போன தடவை எப்போது ஓடியது என்று அதற்குத் தெரியாது. தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை என்பதை ஒரே வரியில் எழுத முடியாமல் போவதும் இதனால்தான். உண்மையான இடைவெளி வேண்டும் என்றால் கடைசியாக ஓடிய நேரத்தை வைத்துக் கணக்கிடும் வேறு ஏற்பாடு தேவை.

அடுத்தது மாதத்தின் நாளும் வாரத்தின் நாளும் மோதும் இடம். கணக்குப் பிரிவில் இருந்து ஒரு மேடம் எங்களிடம் வந்து, "சார், மாசத்தோட முதல் திங்கள் மட்டும்தானே கேட்டிருந்தோம்? ரிப்போர்ட் தினமும் வந்துக்கிட்டே இருக்கே?" என்று கேட்டார். வரியை எடுத்துப் பார்த்தோம்: "0 9 1-7 * 1". முதல் ஏழு தேதிகளுக்குள் வரும் திங்கள் என்று படிக்கத் தோன்றும். ஆனால் இந்த இரண்டு புலங்களிலும் கட்டுப்பாடு இருந்தால் கிரான் "அல்லது" என்று எடுத்துக்கொள்ளும்; யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான பாசிக்ஸ் தரமும் அப்படித்தான் சொல்கிறது. 2025 அக்டோபரை எடுத்துக்கொள்ளுங்கள். 1ஆம் தேதி புதன். இந்த வரி 1 முதல் 7 வரை ஏழு நாளும் ஓடும், அதோடு 13, 20, 27 ஆகிய திங்கள்களிலும் ஓடும். மேடம் கேட்டது 6ஆம் தேதி ஒன்று மட்டும். வந்தவை பத்து.

இதைச் சரிசெய்ய நாங்கள் செய்வது எளிது. வரியில் 1-7 மட்டும் வைத்துக்கொண்டு, நிரல் தொடங்கியதும் இன்று திங்களா என்று கேட்டு, இல்லை என்றால் வெளியேறிவிடுவது. அந்தக் கேள்வியைக் கிரான்டேப் என்ற அட்டவணைக் கோப்பின் வரியிலேயே எழுதுவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: கட்டளைக்குள் வரும் சதவீதக் குறியை கிரான் புதிய வரி என்று எடுத்துக்கொள்ளும், முன்னால் பின்சாய்கோடு போட்டாக வேண்டும். விக்ஸியின் நிரலில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. புலம் நட்சத்திரத்தில் தொடங்குகிறதா என்று மட்டுமே அது பார்க்கிறது. அதனால் "*/2" கட்டுப்பாடு உள்ள புலமாக இருந்தும் நட்சத்திரப் புலமாகவே கணக்காகி, "அல்லது" போய் "மற்றும்" ஆகிவிடும். பார்சர் எழுதுகிறவர் பிட்டுகளோடு சேர்த்து, புலம் நட்சத்திரத்தில் தொடங்கியதா என்ற ஒரு தகவலையும் காப்பாற்ற வேண்டிய காரணம் இதுதான். நாள் புலத்தில் 1 முதல் 31 வரை எல்லாப் பிட்டும் ஒன்றாக இருப்பதும் நட்சத்திரம் எழுதியிருப்பதும் ஒன்றல்ல.

இனி கணக்குக்கு வருவோம். அடுத்த நேரத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒவ்வொரு நிமிடமாக முன்னே போய் ஐந்து புலமும் பொருந்துகிறதா என்று பார்ப்பது. ஓர் ஆண்டுக்கு 5,25,600 நிமிடங்கள். ஒரு வரிக்கு இது பரவாயில்லை. ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும் சர்வரில் கட்டுப்படியாகாது. அதனால் பெரிய அலகிலிருந்து சின்ன அலகுக்கு இறங்குகிறோம். முதலில் மாதம் பொருந்துகிறதா? இல்லை என்றால் அடுத்த மாதத்தின் 1ஆம் தேதி நள்ளிரவுக்குப் போ. பிறகு நாள், பிறகு மணி, பிறகு நிமிடம். எந்த அலகைக் கூட்டினாலும் அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். பைக்கின் கிலோமீட்டர் மீட்டரில் பத்தாம் இடம் நகரும்போது ஒன்றாம் இடம் பூஜ்யமாவது போல. கூட்டும்போது மேல் அலகு புரண்டுவிட்டால் மறுபடி மாதத்திலிருந்து சரிபார்க்க வேண்டும்.

ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்போம். வரி "30 9 31 * *". இப்போது நேரம் 2025 ஏப்ரல் 5, பிற்பகல் 2:20. ஒரு நிமிடம் கூட்டி 2:21இல் தொடங்குகிறோம். மாதம் எதுவானாலும் சரி. நாள் 31 வேண்டும், ஏப்ரலில் இல்லை. நாளைக் கூட்டிக்கொண்டே போனால் மே 1 நள்ளிரவில் நிற்போம். மாதம் புரண்டது, திரும்பத் தொடங்கு. மே சரி, நாள் 31 வரை நகர்கிறது, மணி 9, நிமிடம் 30. விடை மே 31, காலை ஒன்பதரை. இதில் நாளைக் கூட்டியபோது மணியை நள்ளிரவுக்குத் திருப்பாமல் விட்டால் என்ன ஆகும்? மே 31இல் வந்து நிற்கும்போது மணி பிற்பகல் 2:21. ஒன்பது மணி கடந்துவிட்டது என்று கணக்கு முடிவுகட்டும். ஜூனில் 31 கிடையாது. விடை ஜூலை 31 என்று வரும். மே மாத வேலை சத்தமில்லாமல் விட்டுப்போகும். காலையில் டெஸ்ட் ஓட்டியவருக்கு இது பிடிபடாது, பிற்பகலில் ஓட்டியவருக்குத்தான் தெரியும். டெஸ்டுக்கான "இப்போது" என்பதைச் சர்வர் கடிகாரத்திலிருந்து எடுக்காமல் நாமே கொடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

தேடலுக்கு ஓர் எல்லையும் வேண்டும். "0 0 30 2 *" என்று பிப்ரவரி 30ஐக் கேட்டால் விடை கிடையாது. எல்லை இல்லாத லூப் முடிவே இல்லாமல் சுற்றும். கோ மொழியில் பலரும் பயன்படுத்தும் ஒரு கிரான் லைப்ரரி ஐந்து ஆண்டு தேடிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. பிப்ரவரி 29க்கு இது பெரும்பாலும் போதும். ஆனால் 2100 லீப் ஆண்டு அல்ல. 2096க்குப் பின் அடுத்த பிப்ரவரி 29 வருவது 2104இல், எட்டு ஆண்டு கழித்து. நான் எழுதும் எல்லை எட்டு ஆண்டுக்குக் குறைவதில்லை. விடை இல்லாத வரியை எழுதும்போதே மறுத்துவிடுவது அதைவிட நல்லது.

"பிறகு" என்ற சொல்லையும் கறாராகப் பிடிக்க வேண்டும். 9:00:00க்கு ஓடிய வேலைக்கு அடுத்த நேரம் கேட்டால் 9:00:00 என்றே பதில் வரக் கூடாது. டைமர் சில மில்லிவினாடி முன்னதாக எழுந்துவிட்டால் இந்தச் சிக்கல் வரும்: 8:59:59.998க்கு வேலையை ஓட்டிவிட்டு, அடுத்தது எப்போது என்று கடிகாரத்தைக் கேட்டால் 9:00:00 என்று வரும். வேலை இரண்டு தடவை ஓடும். அதற்கு மருந்து, கடிகாரத்தைக் கேட்காமல் திட்டமிட்ட நேரத்திலிருந்து அடுத்ததைக் கணக்கிடுவது. அப்படிச் செய்தால் இன்னொரு பொறுப்பு வந்து சேரும். சர்வர் ஆறு மணி நேரம் படுத்துக் கிடந்து எழுந்தால் விட்டுப்போன ஓட்டங்கள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றையும் ஓட்டுவதா, ஒன்றை மட்டும் ஓட்டுவதா, விட்டுவிடுவதா? தவணை பிடிக்கும் வேலைக்கும் கேஷ் துடைக்கும் வேலைக்கும் ஒரே பதில் பொருந்தாது. வேலையின் சொந்தக்காரரைக் கேட்டு, வரிக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டிய முடிவு இது.

இத்தனையும் நேரம் ஒரே சீராக ஓடும் என்ற நம்பிக்கையில் சொன்னது. டைம்ஸோன் வந்தவுடன் கதை மாறும். இந்தியாவில் கோடைநேர மாற்றம் இல்லை, நாடு முழுவதும் ஒரே நேரம் என்பதால் நமக்குப் பிரச்சினை இல்லை என்று நம் ஊர்ப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நாம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். திங்கட்கிழமை விடியற்காலை 4 மணி என்பது யூடிசியில் ஞாயிறு இரவு 10:30. மணியை மாற்றி எழுதுகிறவர்கள் நாளை மாற்ற மறந்துவிடுகிறார்கள். மாதம் 1ஆம் தேதி நள்ளிரவு இன்னும் கஷ்டம். அது யூடிசியில் முந்தைய மாதக் கடைசி நாள் மாலை 6:30. கடைசி நாள் 28ஆகவும் இருக்கலாம், 29, 30, 31ஆகவும் இருக்கலாம். ஐந்து புலக் கிரானில் "கடைசி நாள்" என்று எழுத வழியே இல்லை. நம் மாதத் தொடக்கக் கணக்கு ஒவ்வொன்றும் இந்த இடத்தில் வந்து முட்டும். வரியோடு டைம்ஸோன் பெயரையும் சேர்த்துக் கொடுக்கும் வசதி உள்ள ஷெட்யூலரைத் தேர்ந்தெடுப்பதுதான் நேர்வழி. குபர்நெட்டீஸில் அந்த வசதி 2023இல் வந்த 1.27 பதிப்பில் நிலைபெற்றது.

அமெரிக்க வாடிக்கையாளர் என்றால் ஆண்டுக்கு இரண்டு பரீட்சை. நியூயார்க்கின் காலை 9 மணி குளிர்காலத்தில் நமக்கு மாலை 7:30, கோடையில் 6:30. நம் நேரத்தில் நிலையாக எழுதிய வரி ஆண்டில் சில மாதங்கள் தவறாக இருக்கும். அதைவிட நுட்பமானது மாற்றம் நடக்கும் அந்த இரவு. 2025 மார்ச் 9 அன்று நியூயார்க்கில் 2 மணி ஆனதும் கடிகாரம் 3 மணிக்குத் தாவியது. 2:30 என்ற நேரமே அன்று கிடையாது. நவம்பர் 2 அன்று 1:30 இரண்டு தடவை வந்தது. தினமும் 2:30க்கு ஓட வேண்டிய வேலைக்கு மார்ச் 9இல் என்ன செய்வது? டெபியனின் கிரான் தாவல் முடிந்ததும் அதை ஓட்டிவிடும். நேரம் திரும்ப வரும்போது இரண்டாம் தடவை ஓட்டாது. நான் முன்பு சொன்ன கோ லைப்ரரி அன்றைய ஓட்டத்தை விட்டுவிடும். காலண்டர் நிகழ்ச்சிகளுக்கான ஆர்எஃப்சி 5545, மாற்றத்துக்கு முந்தைய கணக்கில் படித்து 3:30 என்று கொள்ளச் சொல்கிறது. மூன்றுக்கும் நியாயம் உண்டு. எதைப் பின்பற்றுகிறோம் என்று தெரியாமல் இருப்பதற்கு மட்டும் நியாயம் கிடையாது.

பிரேசிலில் 2019இல் கைவிடும் வரை கோடைநேரம் நள்ளிரவில் தொடங்கியது. சாவ் பாவுலோவில் அந்த ஒரு நாளுக்கு 00:00 என்ற நேரமே இல்லை. நாளைக் கூட்டி நள்ளிரவுக்குத் திருப்பு என்று மேலே சொன்னேனே, அந்தப் படி அங்கே முந்தைய நாள் 23:00க்கோ அன்றைய 01:00க்கோ போய் நிற்கும். அதனால்தான் நல்ல லைப்ரரிகளில், நாளைக் கூட்டியபின் மணி உண்மையிலேயே பூஜ்யமா என்று பார்க்கும் நான்கைந்து வரிகள் இருக்கும். தேவையில்லாதது போலத் தெரியும் அந்த வரிகளை அழித்துவிடாதீர்கள்.

நேரத்தை அரசுகள்தான் முடிவு செய்கின்றன. அவை முன்கூட்டிச் சொல்லும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இலங்கை 1996 மே மாதம் யூடிசிக்கு ஆறரை மணி முன்னால் போனது, அதே ஆண்டு அக்டோபரில் ஆறு மணிக்கு மாறியது, 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. லெபனானில் 2023 மார்ச்சில் கோடைநேரத்தைத் தள்ளிப்போடுவதாக அரசு சில நாள் முன்பு அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. உலகம் முழுவதும் இந்த மாற்றங்களைத் தொகுக்கும் தரவுத்தளத்தை ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கினார். இப்போது ஐயானா அமைப்பின் கீழ் பால் எகர்ட் பராமரிக்கிறார். அதை இற்றைப்படுத்தாத சர்வர் பழைய சட்டத்தில் வாழ்கிறது என்று பொருள். வருங்கால ஓட்டங்களை யூடிசி நேரமாகக் கணக்கிட்டுச் சேமித்துவைத்தாலும் இதே ஆபத்துதான். உள்ளூர் நேரத்தையும் டைம்ஸோன் பெயரையும் சேமித்து, அடுத்த ஓட்டத்தை மட்டும் அவ்வப்போது கணக்கிடுங்கள்.

இவ்வளவு இடர்கள் உள்ள ஃபங்ஷனை எப்படி நம்புவது? நாங்கள் இரண்டு விதமாக எழுதி மோதவிடுகிறோம். ஒன்று வேகமாகப் புலம் புலமாகத் தாவும் நிரல். மற்றொன்று நிமிடம் நிமிடமாக ஊர்ந்து போகும், பத்து வரியில் முடியும் மெதுவான நிரல். சீரற்ற முறையில் உருவாக்கிய வரிகளை இரண்டுக்கும் கொடுத்து, பல ஆண்டுக் காலத்துக்கு விடைகளை ஒப்பிடுகிறோம். லீப் ஆண்டு, மாதக் கடைசி, நியூயார்க்கின் மார்ச், நவம்பர் இரவுகள், சாவ் பாவுலோவின் நள்ளிரவு ஆகியவை கட்டாயம் பட்டியலில் இருக்கும். மெதுவான நிரலில் தவறு ஒளிந்துகொள்ள இடம் குறைவு. அதனோடு ஒத்துப்போகும் வேகத்தை மட்டுமே நான் ஏற்கிறேன்.

ஆனால் நிரல் எவ்வளவு சரியாக இருந்தாலும், மேடத்துக்கு வந்த பத்து ரிப்போர்ட்டுகளை அது தடுத்திருக்காது. நிரல் வரியைச் சரியாகத்தான் படித்தது. எழுதியவரின் எண்ணம் வரியில் இல்லை. அதனால் அட்டவணை எழுதும் எந்தத் திரையிலும் வரிக்குக் கீழே அடுத்த பத்து ஓட்டங்களைக் கிழமையோடும் டைம்ஸோனோடும் காட்ட வேண்டும் என்பது எங்கள் குழுவில் விதி. "2025 அக்டோபர் 1, புதன், காலை 9:00" என்று முதல் வரியிலேயே பார்த்தால், திங்கள் கேட்டவர் உடனே நிறுத்திக் கேள்வி கேட்பார். கணக்கர், கிளை மேலாளர், வாடிக்கையாளர் என யாருக்கும் நட்சத்திரமும் சாய்கோடும் தெரிய வேண்டியதில்லை. தேதிப் பட்டியலை எல்லோருக்கும் படிக்கத் தெரியும்.

இதைப் படிக்கும் நீங்கள் நிரல் எழுதுகிறவர் என்றால், உங்கள் சர்வரில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அட்டவணை வரிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அடுத்த பத்து நேரங்களை அச்சிட்டு, அந்த வேலையைக் கேட்டவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் தலையசைத்த பிறகுதான் அந்த வரி சரி.